தெர்மல் கேமராவைக் கையில் எடுத்தால்: பேனல் ரூமிலிருந்து மொட்டை மாடி வரை ஒரு முழு வழிகாட்டி

முதல் தடவை தெர்மல் கேமராவோடு பேனல் ரூமுக்குள் போனபோது நான் செய்த தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன். கோவைப் பக்கம் ஒரு நூற்பு ஆலை. மெயின் பேனல் கதவைத் திறந்தார்கள், பஸ்பார் (கரன்ட் ஓடுகிற தடித்த உலோகப் பட்டை) ஜாயின்ட்டை நோக்கிக் கேமராவைப் பிடித்தேன், திரையில் 46 டிகிரி. ரூமே 38 டிகிரியில் வெந்துகொண்டிருந்தது, ஆக 46 ஒன்றும் பெரிய விஷயமில்லை என்று நானாக முடிவு செய்து "சரியா இருக்குதுங்க அண்ணா" என்று சொல்லிவிட்டு அடுத்த பேனலுக்கு நகர்ந்துவிட்டேன். கூட வந்த எலக்ட்ரீஷியன் நகரவில்லை. "தம்பி, அந்த ஜாயின்ட்டுக்குப் பக்கத்துல இருக்குற ஸ்லீவக் கொஞ்சம் பாருங்க" என்றார். பார்த்தேன். சிவப்பு பிவிசி ஸ்லீவ் 81 டிகிரி. உள்ளே ஓடுகிற உலோகம் 46, அதன் மேல் போர்த்தின ஸ்லீவ் 81 என்றால் அது எந்த ஊர் நியாயம்?

கேமரா பழுதாகவில்லை. நான்தான் அது காட்டுவதைப் படிக்கத் தெரியாமல் இருந்தேன். இந்தக் கட்டுரை முழுக்க அந்தப் படிக்கிற வேலையைப் பற்றித்தான். பட்டனை அழுத்தப் பத்து நிமிடத்தில் பழகிவிடலாம்.

கேமரா எதைப் பார்க்கிறது

சூடாக இருக்கிற எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத ஒளியை விட்டுக்கொண்டே இருக்கும். 1800இல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தில் பிரித்து, சிவப்பு நிறத்துக்கு அடுத்து ஒன்றுமே தெரியாத இடத்தில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தார், அங்கேதான் பாதரசம் அதிகம் ஏறியது. அந்த அகச்சிவப்பில் ஏறக்குறைய 8 முதல் 14 மைக்ரான் அலைநீளம் வரைக்கும் உள்ளதைத்தான் நாம் வாங்குகிற சாதாரணத் தெர்மல் கேமராக்கள் பார்க்கின்றன.

இதிலிருந்து மூன்று விஷயம் வருகிறது. ஒன்று, அது மேற்பரப்பை மட்டும்தான் பார்க்கும். சுவருக்குள் ஊடுருவிப் பார்க்கும் என்பதெல்லாம் சினிமா. உள்ளே இருக்கிற சூடு மேற்பரப்புக்கு வந்து சேர்ந்தால்தான் தெரியும். இரண்டு, சாதாரணக் கண்ணாடி இந்த அலைநீளத்தை விடாது, அக்ரிலிக்கும் விடாது. கண்ணாடிக் கதவின் முன் நின்று கேமராவைப் பிடியுங்கள், உள்ளே இருப்பவர் தெரியமாட்டார், உங்கள் உருவமே மங்கலாகத் தெரியும். லென்ஸையே ஜெர்மானியத்தில் செய்வது இதனால்தான். வேடிக்கை என்னவென்றால், மெல்லிய கறுப்புக் குப்பைப் பைக்குள் கையை விட்டால் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும்.

மூன்றாவதுதான் என்னைக் கவிழ்த்தது. எல்லாப் பொருளும் தன் சூட்டை ஒரே அளவில் ஒளியாக விடுவதில்லை. கேமரா மெனுவில் எமிசிவிட்டி என்று ஒரு எண் இருக்குமே, அது இதைத்தான் சொல்கிறது. கறுப்பு இன்சுலேஷன் டேப், பெயின்ட் அடித்த தகடு, சிமென்ட் சுவர், நம் தோல் எல்லாம் 0.9க்கு மேல். பளபளவென்று இருக்கிற செம்பும் அலுமினியமும் 0.1 கூட வராது. அதாவது பளபள பஸ்பாரைப் பார்க்கும்போது உங்களுக்குத் தெரிவதில் பத்தில் ஒன்பது பங்கு சுற்றியுள்ள சுவர், கூரை, உங்கள் முகம் இவற்றின் பிரதிபலிப்பு. நிஜத்தில் 100 டிகிரியில் கொதிக்கிற பஸ்பாரை, 0.95இல் செட் செய்த கேமரா 45க்குப் பக்கத்தில் காட்டும். பார்க்கிற ஆள் நிம்மதியாகச் சாப்பிடப் போய்விடுவார்.

எமிசிவிட்டியை 0.1க்கு மாற்றினால் சரியாகிவிடாதா என்று கேட்பார்கள். காகிதத்தில் சரியாகும். நடைமுறையில் 0.08க்கும் 0.12க்கும் நடுவில் விடை எங்கெங்கோ ஓடும், நம்பவே முடியாது. நான் செய்வது இதுதான்: பளபள உலோகத்தை அளப்பதே இல்லை. அதை ஒட்டியுள்ள ஸ்லீவ், ஹீட் ஷ்ரிங்க், கேபிள் தோல், கறுத்துப்போன போல்ட் தலை, இவற்றைப் பார்ப்பேன். நட்டுக்கும் வாஷருக்கும் நடுவே உள்ள இடுக்கு, துளை போன்ற குழிகளும் பரவாயில்லை, குழிக்குள் கதிர் பலமுறை பட்டு வருவதால் அங்கே காட்டும் எண் நிஜத்துக்குக் கொஞ்சம் கிட்டே வரும். ஷட்டவுன் கிடைத்தால் முக்கியமான ஜாயின்ட்டுக்கு அருகே ஒரு துண்டுக் கறுப்பு டேப்பை அழுத்தி ஒட்டிவிட்டு வந்தால் வருஷம் முழுக்க அந்த இடத்தில் ஒழுங்காக அளக்கலாம். ஷட்டவுனில் மட்டும். லைனில் இருக்கும்போது டேப்போடு கையை நீட்டுகிற வேலையே வேண்டாம்.

எந்தக் கேமரா

இதை நீட்டப் போவதில்லை. விளம்பரத்தில் போடுகிற மெகாபிக்சல் சாதாரணப் படத்துக்கானது, அதைப் பார்க்காதீர்கள். தெர்மல் சென்சாரில் எத்தனை புள்ளி என்று பாருங்கள்: 80க்கு 60, 160க்கு 120, 320க்கு 240 என்று போகும். புள்ளி ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. 50 டிகிரி அகலம் பார்க்கிற லென்ஸ், 160 புள்ளி. ஒரு மீட்டர் தூரத்தில் நின்றால் ஒரு புள்ளிக்குள் கிட்டத்தட்ட 6 மில்லிமீட்டர் அடங்கும். எண்ணை நம்ப வேண்டுமென்றால் குறைந்தது மூன்றுக்கு மூன்று புள்ளியாவது அந்தப் பொருள் மேல் விழ வேண்டும், ஆக 18 மில்லிமீட்டருக்குக் குறைந்த எதையும் இந்தக் கேமராவால் அந்தத் தூரத்தில் அளக்க முடியாது. மூன்று மீட்டர் தள்ளி நின்றால் அது 5 சென்டிமீட்டருக்கு மேல். கம்பத்தின் உச்சியில் இருக்கிற கிளாம்ப்பைத் தரையிலிருந்து போனில் மாட்டுகிற தெர்மல் கேமராவில் அளந்து "நார்மல்" என்று எழுதுகிறவர்கள் பக்கத்திலுள்ள வானத்தையும் சேர்த்துச் சராசரி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வீட்டுக் கசிவு, சின்ன டிபி பாக்ஸ் (மின்சாரத்தைப் பிரித்து அனுப்புகிற பெட்டி) பார்க்க 160க்கு 120 போதும். ஆலை பேனல் என்றால் 320க்கு 240, கையால் ஃபோகஸ் செய்கிற வசதியோடு. படம் எடுத்தபின் எமிசிவிட்டியை மாற்றலாம், வண்ணத்தை மாற்றலாம், ஃபோகஸை மாற்ற முடியாது.

மின் பேனல்: படிப்படியாக

முதலில் பாதுகாப்பு. 415 வோல்ட் பேனலைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிற வேலை இது. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன்தான் கதவைத் திறக்க வேண்டும், இரண்டு பேருக்குக் குறைந்து போகக்கூடாது, பருத்திச் சட்டை, முகக் கவசம், கையில் மோதிரம், காப்பு, கழுத்தில் தொங்குகிற சங்கிலி எதுவும் இருக்கக்கூடாது. கேமரா தூரத்திலிருந்து பார்க்கிற கருவி, தலையை உள்ளே விட அவசியமே இல்லை. உள் தடுப்பாக அக்ரிலிக் ஷீட் போட்டிருந்தால் அதன் வழியே எதுவும் தெரியாது. அதை லைனில் கழற்றுவதா வேண்டாமா என்பதை அந்த இடத்துப் பொறுப்பாளர் முடிவு செய்யட்டும், நான் பெரும்பாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

அடுத்தது லோடு. ஞாயிற்றுக்கிழமை பாதி மெஷின் நின்றிருக்கும்போது, "இன்னைக்கு ஃப்ரீயா இருக்கோம், வந்து பாத்துடுங்க" என்று கூப்பிடுவார்கள். போகாதீர்கள். ஜாயின்ட்டில் உண்டாகிற வெப்பம் கரன்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது, பாதி லோடில் கால் பங்கு சூடுதான். குறைந்தது 40 சதவீத லோடாவது ஓட வேண்டும், ஓடத் தொடங்கி ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். டாங் டெஸ்டர் (கேபிளைக் கவ்வி ஆம்பியர் காட்டுகிற மீட்டர்) போட்டு மூன்று ஃபேஸின் ஆம்பியரையும் எழுதிக்கொள்ளுங்கள். இது இல்லாத தெர்மல் படம் கல்யாண ஆல்பத்துக்குத்தான் ஆகும். ஒரு உதாரணம்: ரூம் 35, ஜாயின்ட் 65, லோடு 60 சதவீதம். 30 டிகிரி ஏற்றம்தானே என்று விட்டால், முழு லோடு வரும்போது கணக்குப்படி ஏற்றம் 83, ஜாயின்ட் 118 டிகிரி. நிஜத்தில் காற்று கொஞ்சம் எடுத்துக்கொண்டு போவதால் அதைவிடக் குறையலாம், ஆனாலும் 65 இல்லை.

ஏசி ரூமிலிருந்து கேமராவை எடுத்து வந்தால் பத்து நிமிடம் சும்மா வையுங்கள், சென்சார் நிலைக்கு வரட்டும். அப்புறம் வண்ணம். ஆட்டோவில் விட்டால் திரையில் இருக்கிறதிலேயே சூடானது எதுவோ அதை வெள்ளையாக்கி, குளிர்ந்ததை நீலமாக்கும், வித்தியாசம் இரண்டே டிகிரியாக இருந்தாலும் பேனல் தீப்பற்றி எரிகிற மாதிரி இருக்கும். மேல் எல்லை கீழ் எல்லை இரண்டையும் கையால் பூட்டிவிட்டு, எல்லாப் பேனலையும் அதே அளவில் பாருங்கள். நான் 30 முதல் 90 வரை வைப்பேன்.

இப்போது படம். நேராகப் பாருங்கள், கொஞ்சம் பக்கவாட்டிலிருந்தும் பாருங்கள். சூடான புள்ளி நீங்கள் நகரும்போது கூடவே நகர்ந்தால் அது பிரதிபலிப்பு, பெரும்பாலும் நீங்களேதான். நகராமல் அங்கேயே நின்றால் நிஜம்.

எண்ணைவிட வித்தியாசத்தைப் பாருங்கள். ஒரே மாதிரி மூன்று லக் (கேபிள் முனையில் மாட்டுகிற உலோகக் காது), ஒரே லோடு, மூன்று ஃபேஸில் ஆர் 52, ஒய் 94, பி 53 என்றால் சந்தேகமே வேண்டாம். மின் கருவிச் சோதனைக்கான அமெரிக்காவின் நேட்டா (NETA) அமைப்பு கொடுத்துள்ள அட்டவணையைத்தான் பலரும் பின்பற்றுகிறார்கள்: ஒரே மாதிரி பாகங்களுக்கு நடுவே 1 முதல் 3 டிகிரி என்றால் கவனித்து வை, 4 முதல் 15 என்றால் நேரம் பார்த்துச் சரி செய், 15க்கு மேல் என்றால் உடனே செய். லோடு ஒன்றாக இல்லாவிட்டால் இந்த ஒப்பீடு செல்லாது, ஒரு ஃபேஸில் 80 ஆம்பியரும் இன்னொன்றில் 140ம் ஓடினால் சூடு மாறத்தான் செய்யும்.

சூடு எப்படிப் பரவியிருக்கிறது என்பதில்தான் நோய் தெரியும். லக்கில் அதிகமாகி, கேபிள் வழியே போகப் போகக் குறைந்தால் அது லூஸ் கனெக்‌ஷன் அல்லது சரியாக அழுத்தாத கிரிம்பிங் (லக்கைக் கேபிளோடு நசுக்கிப் பிடிக்கவைப்பது). கேபிள் முழுக்க ஒரே சூடாக இருந்தால் ஓவர்லோடு, போல்ட்டை முறுக்கி ஒன்றும் ஆகப்போவதில்லை. எச்ஆர்சி ஃபியூஸின் ஒரு முனை மட்டும் சூடு என்றால் அந்தப் பக்கத்துக் கிளிப் பிடிப்பு போயிருக்கிறது. நியூட்ரல் கேபிள் ஃபேஸைவிடச் சூடாக இருந்தால் எல்இடி, கம்ப்யூட்டர் லோடுகளின் ஹார்மோனிக்ஸை (கரன்ட்டில் கலந்து வருகிற உயர் அதிர்வெண் அலைகளை) சந்தேகப்படுங்கள். கேபிள் நுழைகிற இரும்புத் தகடு சூடாக இருந்தால், சிங்கிள் கோர் கேபிள்களைத் தனித்தனி ஓட்டையில் விட்டிருக்கிறார்களா பாருங்கள். இரும்பில் சுழல் மின்னோட்டம் உண்டாகித் தகடே அடுப்பாகிவிடும்.

குளிர்ந்திருப்பதும் செய்திதான். கெபாசிட்டர் பேங்கில் ஐந்து வெதுவெதுப்பாக இருந்து ஒன்று மட்டும் ஜில்லென்று இருந்தால் அது செத்துவிட்டது. டிரான்ஸ்ஃபார்மர் ரேடியேட்டரில் ஒரு வரிசை மட்டும் குளிர்ந்தால் வால்வு மூடியிருக்கலாம், எண்ணெய் மட்டம் இறங்கியிருக்கலாம். மாறாக, கான்டாக்டர் காயிலும் ஓவர்லோடு ரிலேயும் எப்போதுமே கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும், அவற்றைப் பார்த்துப் பதறி ரிப்போர்ட்டில் சிவப்பு மை கொட்டாதீர்கள்.

மோட்டார்

மின் இன்சுலேஷனுக்கு ஒரு பழைய விதி உண்டு: தாங்குகிற அளவுக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் ஆயுள் பாதியாகும். எஃப் கிளாஸ் இன்சுலேஷன் உள்ள வைண்டிங்குக்கு (மோட்டாருக்குள் சுற்றின கம்பிக்கு) எல்லை 155 டிகிரி. ஆனால் கேமரா பார்ப்பது வெளி உடம்பை, வைண்டிங் உள்ளே அதைவிட இன்னும் சூடாக இருக்கும், அதனால் வெளியே 90 என்றால் கவலை இல்லை என்று கணக்குப் போடாதீர்கள். பக்கத்தில் அதே ஹெச்பி, அதே வேலை செய்கிற மோட்டார் இருக்கும், அதோடு ஒப்பிடுங்கள்.

நூற்பாலையில் எனக்குக் கிடைக்கிற சூடான மோட்டார்களில் பெரும்பகுதிக்கு வைத்தியம் துடைப்பம்தான். பின்பக்க ஃபேன் கவரில் பஞ்சு மெத்தை மாதிரி அப்பியிருக்கும், காற்றே போகாது. சுத்தம் செய்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். அதற்கும் குறையாவிட்டால் ஆம்பியர், வோல்டேஜ் ஏற்றத்தாழ்வு என்று போகலாம்.

மோட்டார் உடம்பைவிடப் பேரிங் இருக்கிற ஓரம் சூடாக இருந்தால் பேரிங் பிரச்சினை. ஆனால் இன்று காலைதான் கிரீஸ் அடித்தார்களா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். கிரீஸ் அதிகமாகப் போட்ட பேரிங் சில மணி நேரம் சூடாக ஓடித்தான் அடங்கும். இரண்டு பக்கப் பேரிங்கும் சரியாக இருந்து கப்ளிங் (மோட்டாரையும் மெஷினையும் இணைக்கிற பாகம்) மட்டும் ஒளிர்ந்தால் அலைன்மென்ட் சரியில்லை. வி பெல்ட் சூடாக, புல்லியும் சூடாக இருந்தால் பெல்ட் வழுக்குகிறது. பேரிங் சத்தம், அதிர்வு இவற்றை எல்லாம் கேமரா ஈடு செய்யாது, பேரிங் நன்றாகக் கெட்ட பிறகுதான் சூடு காட்டும், ஆரம்பத்திலேயே பிடிக்க வைப்ரேஷன் மீட்டர்தான்.

சோலார் பேனல்

வெயில் நன்றாக இருக்க வேண்டும், ஒரு சதுர மீட்டருக்கு 600 வாட்டுக்குக் குறையாமல். சோலார் தெர்மல் சோதனைக்கான ஐஇசி 62446-3 தரமும் அதைத்தான் கேட்கிறது. மேகம் வந்து போகிற நாளில் ஏறாதீர்கள். பேனலும் கண்ணாடிதான், அதனால் நேர் செங்குத்தாகப் பார்த்தால் உங்களையே பார்ப்பீர்கள், மிகவும் சாய்வாகப் பார்த்தால் வானத்தைப் பார்ப்பீர்கள். கொஞ்சம் சாய்த்து, உங்கள் நிழல் விழாமல் நில்லுங்கள். இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், ஆஃப் செய்துவிட்டுப் பார்த்தால் பெரும்பாலான கோளாறுகள் தெரியாது.

ஒரே ஒரு கட்டம் மட்டும் சூடாக இருந்தால் முதலில் ஈரத்துணி எடுங்கள், காக்கை எச்சமாக இருக்கும். துடைத்த பிறகும் சூடு அதே இடத்தில் நின்றால் செல் உடைந்திருக்கலாம். பேனலின் மூன்றில் ஒரு பங்கு பட்டையாகச் சூடானால் பைபாஸ் டயோடு (கோளாறான பகுதியைச் சுற்றிக் கரன்ட்டைக் கடத்திவிடுகிற பாகம்) வேலை செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம், நிழல் விழுகிறதா, இல்லை டயோடே போய்விட்டதா பாருங்கள். ஒரு பேனல் முழுக்க மற்றவற்றைவிட ஓரிரண்டு டிகிரி அதிகமாக இருந்தால் அதிலிருந்து கரன்ட் வெளியே போகவில்லை, வாங்கின வெயிலெல்லாம் உள்ளேயே சூடாகத் தங்குகிறது. கனெக்டர் கழன்றிருக்கும். பேனலுக்கு அடியில் குனிந்து, வயர்களை இணைக்கிற எம்சி4 கனெக்டர்களைப் பார்க்காமல் இறங்காதீர்கள், தீ விபத்துக்கு வழி வைப்பது பல தடவை அங்கேதான்.

வீட்டுக் கசிவு

ஒரு அம்மா கூப்பிட்டிருந்தார்கள், "சுவத்துக்குள்ள பைப் எங்க ஒடைஞ்சிருக்குதுன்னு மிஷின வெச்சுப் பாத்துச் சொல்லு கண்ணு" என்று. மதியம் இரண்டு மணிக்குப் போய் நின்றேன், வெளியே வெயிலும் உள்ளே சுவரும் எல்லாம் ஒரே சூடு, திரை முழுக்க ஒரே நிறம். வித்தியாசம் இல்லாத இடத்தில் தெர்மல் கேமரா குருடுதான். அன்று சாயங்காலம் மறுபடி போய், அந்த அறை ஏசியை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, பாத்ரூமில் கீஸர் தண்ணீரைத் திறந்துவிட்டோம். பத்து நிமிடத்தில் சுவருக்குள் வெந்நீர்க் குழாய் கோடாகத் தெரிந்தது, ஓர் எல்போ இருக்கிற இடத்தில் கோடு தடித்து, கீழ்நோக்கி வழிந்து பரவியது. இரண்டு டைல்ஸ்தான் உடைத்தார்கள்.

குளிர்ந்த தண்ணீர்க் குழாய்க்கு இந்த வித்தை பலிக்காது. அங்கே ஈரம் ஆவியாகும்போது சுவர் குளிரும், அந்தக் குளிர்ந்த திட்டைத் தேட வேண்டும். ஆனால் ஏசி காற்று படுகிற இடமும் அதே மாதிரிதான் தெரியும், அதனால் ஈரமானியை (சுவரின் ஈரத்தை அளக்கிற மீட்டரை) அழுத்திப் பார்க்காமல் கடப்பாரையை எடுக்கவே கூடாது. கேமரா இடத்தைக் காட்டும், ஈரமா இல்லையா என்று அதற்குத் தெரியாது.

மொட்டை மாடிக்கு நேர் எதிர். நாள் முழுக்க வெயில் காய்ந்த தளத்தை இரவு ஏழு எட்டு மணிக்குப் பாருங்கள். தண்ணீர் ஒரு டிகிரி குளிர, அதே எடையுள்ள காங்கிரீட்டைவிடப் பல மடங்கு வெப்பத்தை விட வேண்டும், அதனால் ஈரம் தங்கின இடம் மெதுவாக ஆறும், சூடான திட்டாகத் தெரியும். மழை பெய்த அன்று இதைச் செய்யாதீர்கள், மேலேயே தண்ணீர் நின்றால் உள்ளே இருப்பது தெரியாது. சுர்க்கியும் (செங்கல் பொடி, சுண்ணாம்புக் கலவை) தட்டு ஓடும் கனமாகப் போட்ட பழைய மாடிகளில் இது அரைகுறையாகத்தான் வரும், அதையும் முன்கூட்டியே வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுவது நல்லது.

உடம்பைப் பார்க்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். 2020இல் வாசல்தோறும் நெற்றியைப் பார்த்தோமே, அது தோலின் சூடு, வெயிலில் நடந்து வந்தவருக்கு ஏறும், ஏசி காரில் வந்தவருக்கு இறங்கும், காய்ச்சலுக்குச் சலித்தெடுக்கிற முதல் கட்டம், அவ்வளவுதான். மார்பகப் புற்றுக்கு மேமோகிராமுக்குப் பதிலாகத் தெர்மல் படம் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவே அது மாற்று இல்லை என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

ரிப்போர்ட்

ஒவ்வொரு கோளாறுக்கும் தெர்மல் படம் ஒன்று, அதே கோணத்தில் சாதாரணப் படம் ஒன்று, பேனல் பெயர், ஃபேஸ், ஆம்பியர், ரூம் சூடு, எமிசிவிட்டி, பக்கத்து ஃபேஸோடு வித்தியாசம். காரணம் என்று நினைப்பதை ஒரே வரியில் எழுதுங்கள், தெரியாவிட்டால் "திறந்து பார்க்கவும்" என்று எழுதுங்கள். கோளாறே இல்லாத பேனலுக்கும் ஒரு படம் எடுத்து வையுங்கள், அடுத்த வருஷம் ஒப்பிட அதுதான் உதவும்.

சரி செய்தபின் திரும்பப் பார்ப்பதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். மேலே சொன்ன 94 டிகிரி ஒய் ஃபேஸ் என் ரிஜிஸ்டரில் இருக்கிற கேஸ்தான். சொல்லியனுப்பினேன், "டைட் பண்ணிட்டோம்" என்று மறுநாள் போன் வந்தது. அதே லோடு வந்தபோது போய்ப் பார்த்தேன், 91. போல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. அடுத்த ஷட்டவுனில் லக்கையே வெட்டி எடுத்தோம். கேபிளைவிட ஒரு சைஸ் பெரிய லக்கைப் போட்டு, இடைவெளியை அடைக்க உள்ளே செம்புக் கம்பித் துண்டுகளைச் செருகி கிரிம்ப் செய்திருந்தார்கள், எல்லாம் கருகிப் பொடியாகக் கொட்டியது. சரியான லக் போட்டு அடுத்த நாள் பார்த்தபோது 54. மூன்று மாதம் கழித்து அந்தப் பேனலை மட்டும் மறுபடி பார்க்க வேண்டும் என்று ரிஜிஸ்டரில் எழுதி, அந்தப் பழைய லக்கை மேஜை டிராயரில் போட்டு வைத்திருக்கிறேன், புதிதாக வேலைக்கு வருகிற பையன்களிடம் காட்ட.